அடாபலீன் 0.1% ஜெல்: பொறுமையைக் கேட்கும் பரு மருந்து

முகப்பருவுக்கு மருந்து கேட்டு மருந்துக்கடைக்குப் போகிறவருக்கு முன்னால் பரவிக் கிடக்கும் பொருள்கள் ஏராளம்: வேம்பு சேர்த்த முகக் கழுவிகள், சாலிசிலிக் அமிலம் கலந்த திரவங்கள், 'ஏழே நாளில் பளபளப்பு' என்று உறுதி கூறும் களிம்புகள், இவற்றுக்கெல்லாம் பின்னால் விளம்பரமே இல்லாமல் கிடக்கும் சில சிறிய குழாய்கள். அந்தச் சிறிய குழாய்களில் ஒன்றான அடாபலீன் 0.1% ஜெல்லைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன். இதை இந்தியாவில் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் தயாரிக்கின்றன. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே என்பதால் எந்த நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடாமல் மருந்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரியில் படிக்கும் மகள் தோல் மருத்துவரின் சீட்டோடு இதைப் பயன்படுத்தி வருகிறாள். நான் மருத்துவர் அல்லேன். ஒரு பொருளை வாங்கும் முன் அது எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படிக்கும் பழக்கம் உடையவன், அவ்வளவே.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மருந்து மிகவும் நல்லது. ஆனால் அதை வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்திகள் எதுவும் அவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருக்கிறது. கடைக்காரர் 'ராத்திரி போடுங்க' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். பரு எப்படி உண்டாகிறது என்பதை அறியாதவர்கள் இந்த ஜெல்லைத் தவறாகப் பூசி, எரிச்சல் கண்டு, மூன்றாவது வாரத்தில் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அதனால் பொருளை எடைபோடும் முன் பருவை எடைபோட வேண்டியிருக்கிறது.

முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் ஆண், பெண் இருபாலரிடமும் கூடும்போது இந்தச் சுரப்பிகள் பெருத்து அதிக எண்ணெயைச் சுரக்கின்றன. அதே நேரத்தில் மயிர்க்காலின் உட்சுவரில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி, வாய்க்காலில் சேறு அடைத்ததுபோல் துளையை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட துளைக்குள் எண்ணெய் தேங்குகிறது. நம் எல்லோருடைய தோலிலும் இயல்பாகவே வாழும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்னும் பாக்டீரியா அந்த எண்ணெயில் செழிக்கிறது. அதற்கு எதிராக உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் கிளர்ந்தெழும்போது சிவப்பும் வீக்கமும் சீழும் தோன்றுகின்றன. எண்ணெய், அடைப்பு, பாக்டீரியா, அழற்சி ஆகிய இந்த நான்கும் சேர்ந்ததுதான் பரு. இவற்றில் அழற்சி கடைசியில்தான் வருகிறது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத தொடக்க நிலையிலேயே அது இருக்கிறது என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்த மருந்தைப் பற்றிய எல்லாப் புரிதலுக்கும் அடிப்படையான செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. இன்று காலை கண்ணாடியில் தெரியும் பரு நேற்று இரவு முளைத்தது அன்று. அது பல வாரங்களுக்கு முன்பே ஒரு நுண்ணிய அடைப்பாகத் தொடங்கி, தோலுக்கு அடியில் வளர்ந்து, இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. எனவே தெளிவாகத் தெரியும் முகத்திலும் அடுத்த மாதத்துக்கான பருக்கள் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருக்கக்கூடும். தெரியும் பருவின்மீது மட்டும் எதையேனும் தொட்டு வைப்பதால் பருத் தொல்லை தீராமல் இருப்பதற்கும், எந்த நல்ல பரு மருந்தும் ஒரு வாரத்தில் பலன் காட்டாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே.

அடாபலீன் ரெட்டினாய்டு குடும்பத்தைச் சேர்ந்தது, அதாவது வைட்டமின் ஏ-யைப் போலச் செயல்படும் மருந்து. மயிர்க்காலின் உட்சுவர் செல்கள் முறையாக முதிர்ந்து உதிரும்படி செய்து, அடைப்பு உருவாகும் கட்டத்திலேயே அது குறுக்கிடுகிறது. அழற்சியையும் ஓரளவு தணிக்கிறது. எண்ணெய்ச் சுரப்பை இது குறைப்பதில்லை, பாக்டீரியாவையும் கொல்வதில்லை. இதற்கு முன்பிருந்த ட்ரெட்டினாயின் என்னும் ரெட்டினாய்டோடு ஒப்பிட்டால் அடாபலீனுக்கு இரண்டு மேன்மைகள் உண்டு: எரிச்சல் குறைவு, ஒளி பட்டாலும், பாக்டீரியாவைக் கொல்லும் பரு மருந்தான பென்சாயில் பெராக்சைடோடு சேர்ந்தாலும் சிதையாது. அமெரிக்காவில் 1996-ல் மருத்துவர் சீட்டுக்குரிய மருந்தாக அனுமதி பெற்ற இது, இருபது ஆண்டு அனுபவத்துக்குப் பின் 2016-ல் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய மருந்தாக மாற்றப்பட்டது. அப்படி மாற்றப்பட்ட முதல் ரெட்டினாய்டு இதுவே என்பது இதன் பாதுகாப்பைப் பற்றி ஓரளவு சொல்கிறது.

இனிப் பயன்பாட்டு அனுபவம். ஜெல் வெண்மையானது, மணமற்றது, பிசுபிசுப்பில்லாதது. பூசிய சிறிது நேரத்தில் தோலோடு மறைந்துவிடுகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில், குறிப்பாகச் சென்னை போன்ற கடலோர நகரத்தில், களிம்பு வடிவத்தைவிட ஜெல் வடிவம் எண்ணெய்ப் பிசுக்குள்ள முகத்துக்கு இதமாக இருக்கிறது. இரவில் மென்மையான சோப்பால் முகம் கழுவி, ஈரம் முழுவதும் உலர்ந்தபின், ஒரு பட்டாணி அளவு எடுத்து நெற்றி, கன்னங்கள், மூக்கு, தாடை எங்கும் மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். முழு முகத்துக்கும் அந்த அளவு போதும். கண்ணோரம், உதட்டோரம், மூக்கு மடிப்பு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பருவின்மேல் மட்டும் புள்ளி வைப்பது வீண். முன்பே சொன்னபடி இம்மருந்தின் இலக்கு இன்னும் வெளிவராத பருக்களே.

முதல் சில வாரங்கள் சோதனைக் காலம். தோல் வறண்டு, செதில் செதிலாக உரிந்து, கழுவும்போது லேசாக எரியும். சிலருக்கு இந்தக் கட்டத்தில் பருக்கள் கூடுவதுபோலவும் தோன்றும். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் நடந்தது. 'இதைப் போடுவதற்கு முன்பே முகம் நன்றாக இருந்தது' என்ற புலம்பல் நாள்தோறும் கேட்டது. மருத்துவர் சொன்ன வழி எளிமையானது: தொடக்கத்தில் ஒன்றுவிட்டு ஒரு நாள் இரவு மட்டும் பூசுவது, அதற்கு முன்போ பின்போ மணமில்லாத மாய்ஸ்சரைசர் தடவுவது, தோல் பழகியபின் தினமும் பூசுவது. வறட்சி மெல்ல அடங்கியது. நெற்றியில் மணல் தூவியதுபோல் இருந்த நுண்ணிய புடைப்புகள் முதலில் மறைந்தன. சிவந்த பருக்கள் எண்ணிக்கையில் குறைந்தன. மாதவிடாய்க்கு முன் தாடையில் வரும் ஓரிரு பருக்கள் மட்டும் இன்னும் வருகின்றன. பலனை மதிப்பிடக் குறைந்தது 12 வாரங்கள் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது மிகையில்லை.

தனியாகப் பயன்படுத்தினால் அடாபலீன் கரும்புள்ளி, வெண்புள்ளி வகைப் பருக்களுக்கே, அதாவது சிவப்போ சீழோ இல்லாமல் துளை மட்டும் அடைத்திருக்கும் பருக்களுக்கே, சிறப்பானது. சிவந்து சீழ் கோக்கும் பருக்கள் இருப்பவருக்குப் பென்சாயில் பெராக்சைடு துணை தேவைப்படும், அடாபலீன் 0.1 சதவீதமும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமும் ஒரே குழாயில் கலந்தும் கிடைக்கின்றன. 2.5 சதவீதம் என்பதைப் பார்த்து வீரியம் குறைவு என்று நினைத்து 10 சதவீதத்தைத் தேடுவோர் உண்டு. சீழ்ப் பருக்களில் இரண்டின் பலனும் ஏறத்தாழ ஒன்றுதான். எரிச்சல் மட்டும் பத்தில் கூடுதல். இந்தப் பெராக்சைடு துணியின் நிறத்தை வெளுத்துவிடும் என்பதால் தலையணை உறையும் துண்டும் வெள்ளையாக இருப்பது நல்லது. எங்கள் வீட்டு நீலப் போர்வை ஒன்று இப்போது புள்ளிமானாகிவிட்டது. பெராக்சைடு வெப்பத்தில் சிதையக்கூடிய பொருள். வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ சன்னல் மாடத்திலோ வைக்காமல் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

நம் கடைகளில் பரவலாகக் கிடைப்பது அடாபலீனோடு கிளிண்டாமைசின் என்னும் ஆன்டிபயாடிக் கலந்த ஜெல். இது தொடக்கத்தில் விரைவாக வேலை செய்வதால் மக்களுக்குப் பிடித்துப்போகிறது. மருத்துவர் குறித்த கால அளவுக்குப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் பெராக்சைடு இல்லாமல் ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில் பூசினால் பாக்டீரியா எதிர்ப்புத் திறன் பெற்றுவிடும். பென்சாயில் பெராக்சைடுக்கு அப்படி எதிர்ப்பு உருவாவதில்லை. எனவே பெட்டியின் முகப்பில் இருக்கும் பெயரை விட்டு, கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படிப்பது அவசியம்.

இந்த ஜெல் நல்லதா என்ற கேள்விக்கு முன் கேட்க வேண்டியது, முகத்தில் இருப்பது உண்மையிலேயே பருதானா என்பதே. எனக்குத் தெரிந்து இந்த ஜெல் 'வேலை செய்யவில்லை' என்று சொன்னவர்களில் சிலருக்கு இருந்தது வேறு நோய். பருவைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. நல்ல வெளிச்சத்தில் தோல் மருத்துவரின் கண்ணே கருவி. அவர் முதலில் தேடுவது கரும்புள்ளிகளையும் வெண்புள்ளிகளையும். அவற்றோடு சிவந்த கொப்புளங்கள், சீழ்ப் பருக்கள், ஆழமான கட்டிகள் எனப் பல கட்டங்களில் உள்ளவை ஒரே முகத்தில் கலந்திருந்தால் அது பரு. கன்னமும் மூக்கும் நிரந்தரமாகச் சிவந்து, கரும்புள்ளியே இல்லாமல் கொப்புளங்கள் மட்டும் இருந்தால் ரோசேசியா என்னும் வேறு நோயாக இருக்கலாம். நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் எல்லாம் ஒரே அளவில், ஒரே தோற்றத்தில், முக்கியமாக அரிப்போடு திடீரெனத் தோன்றினால் மலசீசியா என்னும் பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். வியர்வையும் புழுக்கமும் மிகுந்த ஊர்களில் இது அடிக்கடி வருவது. பூஞ்சைக்கான மருந்துக்குத்தான் அடங்கும். ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டால் இன்னும் கூடும்.

மருத்துவர் கேட்கும் கேள்விகளும் முக்கியமானவை. வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்பது சடங்குக்காக அன்று. காசநோய்க்கான ஐசோநியாசிட், வலிப்புக்கான ஃபெனிடாயின், மனநோய்க்கான லித்தியம், பல நோய்களுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு ஆகியவை பருவைப் போன்ற கொப்புளங்களை உண்டாக்கக்கூடியவை. அதற்காக அம்மருந்துகளைத் தாமாக நிறுத்துவது பருவைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. உடற்பயிற்சிக் கூடத்தில் ஊசியாகப் போட்டுக்கொள்ளும் அனபாலிக் ஸ்டீராய்டுகளால் மார்பிலும் முதுகிலும் கடுமையான பருக்கள் வெடித்துக் கிளம்பும். பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கின்மை, முகத்தில் முடி வளர்ச்சி, தலைமுடி மெலிதல் ஆகியவை பருவோடு சேர்ந்திருந்தால் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்கான ஹார்மோன் பரிசோதனைகளும் ஸ்கேனும் தேவைப்படும். அந்நிலையில் வெளிப்பூச்சு மருந்து மட்டும் போதாது. இருபத்தைந்து வயதைக் கடந்த பிறகும் தாடையோரத்தில் பரு வந்துகொண்டிருப்பது பெண்களிடம் அரிதன்று. 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்னும் ஆறுதலை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

அடாபலீனின் உண்மையான போட்டியாளரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது மற்றொரு பரு மருந்து அன்று. ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சைக் கொல்லி ஆகிய மூன்றையோ, ஸ்டீராய்டோடு நிறம் வெளுக்கும் மருந்தையோ கலந்த மலிவான களிம்பு. எங்கள் தெருவை ஒட்டிய ஒரு மருந்துக்கடையில் பருவுக்கென்று கேட்டபோது சீட்டுக் கேட்காமலே எடுத்து நீட்டப்பட்டது அப்படி ஒன்றுதான். அதைப் பூசினால் இரண்டு மூன்று நாளில் சிவப்பு அடங்கி முகம் வெளுத்துத் தெரியும். பூசுவதை நிறுத்தியவுடன் எரிச்சலும் சிவப்பும் பருக்களும் முன்பைவிட அதிகமாகத் திரும்பும். மறுபடி பூசத் தோன்றும். இப்படியே மாதங்கள் ஓடினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் தெரிந்து, வெயிலில் நிற்கவே முடியாத நிலை வரும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதை ஒரு தனி நோயாகவே விவரித்துப் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள். 2018-ல் மத்திய அரசு 14 வகை வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குக் கொண்டுவந்தது. விற்பனை நின்றுவிடவில்லை. விரைவையே அளவுகோலாக வைத்தால் இந்தக் களிம்பு அடாபலீனை எளிதில் தோற்கடித்துவிடும். அந்த அளவுகோலே பிழையானது.

வீட்டு வைத்தியங்களோடு ஒப்பிடச் சொன்னால், ஜெல்லின் பக்கமே நான் நிற்பேன். சந்தனத்தால் குளிர்ச்சி கிடைக்கும், கெடுதல் பெரும்பாலும் இல்லை, அடைப்பு நீங்காது. பற்பசையும் எலுமிச்சைச் சாறும் பச்சைப் பூண்டும் தோலைப் புண்ணாக்கிப் பருவுக்குப் பதில் கருந்தழும்பைத் தந்துவிடும். உடல் சூட்டால் பரு வருகிறது என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை என்றாலும், தலையில் வழிய வழியத் தேய்த்த தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு இறங்கி அங்கே வரிசையாகப் புள்ளிப் பருக்களை உண்டாக்குவது மெய். கரும்புள்ளியை அழுக்கு என்று எண்ணி முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதும் பொருந்தாது. அந்தக் கருமைக்குக் காரணம் மெலனின் நிறமியும் காற்றுப்பட்டுக் கறுத்த கொழுப்பும்தான். உணவைப் பொறுத்தவரை, இரத்தச் சர்க்கரையை விரைந்து ஏற்றும் இனிப்பு, மைதாப் பண்டங்களுக்கும், ஓரளவு பாலுக்கும், தசை வளர்க்கச் சாப்பிடும் 'வே' (பாலிலிருந்து எடுக்கும்) புரதப் பொடிக்கும் பருவோடு தொடர்பு காட்டும் ஆய்வுகள் உள்ளன. எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் குற்றவாளியாக்கிப் பிள்ளைகளை வதைப்பதற்குப் போதிய சான்று இல்லை.

பருவின் விளைவுகள் விஷயத்தில் இந்த ஜெல்லிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். நம்முடையது போன்ற மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் பரு ஆறிய இடத்தில் கருமை தங்கிவிடுகிறது. பருவைவிட இந்தக் கறைக்காகவே பலர் மருத்துவரிடம் போகிறார்கள். அடாபலீன் புதிய பருவைத் தடுப்பதன் வழியாகவும், தோல் செல்களின் சுழற்சியை விரைவுபடுத்துவதன் வழியாகவும் இந்தக் கருமையை மெல்லக் குறைக்கிறது. ஆனால் பகலில் சன்ஸ்கிரீன் இல்லாவிட்டால் அந்தப் பலன் வெயிலில் போய்விடும். அதிக எரிச்சலே புதிய கருமைக்குக் காரணமாகும் என்பதால் நிறையப் பூசினால் விரைவில் மறையும் என்ற எண்ணமும் கூடாது. குழிந்த தழும்புகள் வேறு வகை. ஊசி குத்தியதுபோல் ஆழமானவை, சதுரப் பள்ளம் போன்றவை, அலை போன்றவை என மூன்று விதமாக இருக்கும் இவற்றில் ஜெல் பெரிதாக எதுவும் செய்யாது. லேசர், நுண்ணூசிச் சிகிச்சை, அமிலப் பூச்சு முதலியவற்றை மருத்துவர்தான் முடிவு செய்வார். கிள்ளுவதும் பிதுக்குவதும் இந்தக் குழிகளுக்கு நேர்வழி.

வெளியே தெரியாத விளைவும் உண்டு. பரு உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளில் காணப்படுவது. விருந்துக்கு வரும் ஒவ்வோர் உறவினரும் 'முகத்துக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டுவிட்டு ஆளுக்கொரு வைத்தியம் சொல்லும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளை புகைப்படத்துக்கு நிற்க மறுத்தால், கல்லூரிக்குப் போகத் தயங்கினால், பருக்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அது மருத்துவரிடம் போகத் தக்க காரணமே.

கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாய்டு வகை என்பதால் இதைத் தவிர்க்க வேண்டும். எக்ஸிமா உள்ள தோலிலும் வெயிலில் கருகிப் புண்பட்ட தோலிலும் பூசக் கூடாது. தொட்டால் வலிக்கும் ஆழமான கட்டிகள், சீழ்ப் பைகள், தழும்பு விழத் தொடங்கிய முகம் ஆகியவற்றுக்கு இந்த ஜெல்லை வாங்கி மாதங்களை வீணாக்குவது நியாயமில்லை. இவை உள்ளவர்களுக்கு டாக்சிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் மாத்திரையோ ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையோ தேவைப்படலாம். ஐசோட்ரெட்டினாயின் முன்பே சொன்ன பருவின் நான்கு காரணங்களையும் ஒரே நேரத்தில் தாக்கும் வலிமையான மருந்து. கருவில் கடும் ஊனங்களை உண்டாக்கக்கூடியது. அதனால் பெண்கள் சிகிச்சைக்கு ஒரு மாதம் முன்பிருந்து முடிந்தபின் ஒரு மாதம் வரை கருத்தடையைக் கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும். தோழி சாப்பிட்டாள் என்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை அது அன்று.

விலையில் குறை சொல்ல இடமில்லை. ஒரு பட்டாணி அளவே தேவை என்பதால் 15 கிராம் குழாய் ஒரு மாதத்துக்குக் குறையாமல் வருகிறது. பிரபலப் பெயர்களைவிட ஜெனரிக் தயாரிப்புகள் மலிவு. என் பெரிய குறை பெட்டிக்குள் இருக்கும் அந்தத் தாள்மீதுதான். எவ்வளவு பூச வேண்டும், முதல் மாதம் என்ன நேரும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற மூன்று செய்திகளைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டாலே இம்மருந்தைப் பாதியில் கைவிடுவோர் வெகுவாகக் குறைவர். முகம் தெளிந்தபின் குழாயை ஒதுக்கிவிடலாமா என்ற கேள்விக்கும் அந்தத் தாளில் விடையில்லை. எங்கள் மருத்துவர் சொன்ன விடை, உடனே நிறுத்தாமல் வாரத்தில் சில இரவுகள் தொடர்ந்து பூசி வர வேண்டும் என்பது. அப்படித்தான் இரண்டாவது குழாய் இப்போது மெதுவாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது.